அழும் குழந்தையும் அறிஞர் கூற்றும்

நள்ளிரவு. தொட்டிலில் கிடக்கும் குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய் விழித்து எழுகிறாள். "தூக்காதே! தூக்கிப் பழக்கினால் பிள்ளை கெட்டுப்போகும்" என்று தடுக்கிறது ஒரு குரல். "பெற்ற வயிறு பார்த்துக்கொண்டிருக்குமா? எடுத்து அணைத்துக்கொள்" என்கிறது மற்றொரு குரல். நம் இல்லங்களில் நாள்தோறும் கேட்கும் இவ்விரு குரல்களும் உளவியல் என்னும் அறிவுத்துறையிலும் மாறி மாறி ஒலித்திருக்கின்றன. அத்துறையில் தோன்றிய பெருங்கொள்கைகள் யாவை? அவற்றிலிருந்து பெற்றோர் கற்றுக்கொள்ள வேண்டியது யாது? சிறிது சிந்திப்போம்.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த கல்வி

மனத்தைப் பற்றி மெய்யியலார் பழங்காலந்தொட்டே ஆராய்ந்து வந்துள்ளனர். ஆயினும், 1879ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்பார் ஆய்வுக்கூடம் அமைத்தபோதே உளவியல் தனி அறிவியலாக மலர்ந்தது என்பர். அவருடைய மாணவர் டிச்சனர் அமெரிக்காவில் இப்பணியைத் தமக்கே உரிய வழியில் வளர்த்தார். பயிற்சி பெற்றவர்கள் தம் உள்ளத்தில் நிகழ்வதைத் தாமே உற்றுநோக்கிக் கூற வேண்டும். அக்கூற்றுகளைக் கொண்டு மனத்தின் அடிப்படைக் கூறுகளைப் பிரித்தறிய வேண்டும் என்றார். இதுவே அமைப்புக் கொள்கை. தன் உள்ளத்தை எடுத்துரைக்க இயலாத பச்சிளங்குழந்தைக்கு இவ்வாய்வில் இடமில்லாமற் போயிற்று.

அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட பெருநூலில் வேறொரு வழியைக் காட்டினார். நம் நனவு துண்டு துண்டாகப் பிரிக்கத்தக்க பொருளன்று. ஓடிக்கொண்டேயிருக்கும் நீரோடை போன்றது என்றார். மனம் எவற்றால் ஆனது என்பதைவிட, அது மனிதனுக்கு எவ்வாறு உதவுகிறது என்பதே பெரிய வினா என்று கருதியோரைச் செயற்பாட்டுக் கொள்கையினர் என்பர். பழக்கத்தின் வலிமையை ஜேம்ஸ் பெரிதும் வற்புறுத்தினார்.

ஆழத்தைக் கண்டவரும் முழுமையைக் கண்டவரும்

அதே காலத்தில் வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு, நாம் அறியாமலே நம்மை ஆட்டுவிக்கும் ஆழ்மனம் ஒன்று உண்டென்றார். கனவுகளைப் பற்றிய அவருடைய நூல் 1900ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. அவர் கூறியவற்றுள் பலவற்றைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. ஆயினும், இளமையில் பட்ட காயம் முதுமையிலும் வலிக்கக்கூடும் என்பதையும், துயருற்றவன் பேசுவதைப் பொறுமையுடன் கேட்பதே ஒரு மருத்துவம் என்பதையும் உலகம் அவரிடமிருந்து கற்றது.

1912இல் மாக்ஸ் வெர்தைமர் ஜெர்மனியில் கெஸ்டால்ட் என்னும் முழுமைக் கொள்கைக்கு வித்திட்டார். ஒரு பாடலை வேறு சுருதியில் பாடினாலும் அதே பாடலென்று அறிந்துகொள்கிறோம். ஒலிகள் அனைத்தும் மாறிவிட்டன; பாடல் மாறவில்லை. முழுமை என்பது பகுதிகளின் வெறுங்கூட்டு அன்று என்பதே இவர்களின் அடிப்படை உண்மை.

முத்தமிடாதீர் என்ற அறிஞர்

மறு ஆண்டே, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் வாட்சன் நடத்தைக் கொள்கையை முழங்கினார். கண்ணுக்குப் புலனாகாத மனத்தைப் பற்றிப் பேசுவது அறிவியலாகாது. புறத்தே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்றார். 1920இல் அவரும் அவருடைய உதவியாளரும் ஏறத்தாழப் பதினொரு மாதக் குழந்தை ஒன்றுக்கு வெள்ளெலியைக் காட்டி, அதே வேளையில் இரும்புக் கோலைச் சம்மட்டியால் தட்டிப் பேரொலி எழுப்பினர். அச்சமின்றி எலியைத் தொட்டு விளையாடிய குழந்தை, பின்னர் அதைக் கண்டாலே அழுதது. அந்த அச்சத்தைப் போக்காமலே ஆய்வு முடிந்தது.

1928இல் அவர் தாய்மார்க்கு ஒரு நூல் எழுதினார். குழந்தைகளைக் கட்டியணைக்காதீர், முத்தமிடாதீர், மடியில் இருத்தாதீர், காலையில் கைகுலுக்கினால் போதும் என்பது அதன் அறிவுரை. அறிவியலின் பெயரால் சொல்லப்பட்டதால் அதை நம்பிய பெற்றோர் பலர். எத்தனை மழலைகள் தாயின் அணைப்பின்றி அழுது ஓய்ந்தனவோ!

ஆயினும் இக்கொள்கை முற்றிலும் பயனற்றதன்று. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலைக் கண்டு நடுங்கிய சிறுவனுக்கு அவன் விரும்பிய தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் உண்ணும் வேளையில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். நாளடைவில் அச்சம் நீங்கிற்று. இன்றும் அச்சநோய்க்கு இவ்வழியை ஒட்டியே சிகிச்சை அளிக்கின்றனர்.

துணித் தாயும் கம்பித் தாயும்

1958இல் ஹாரி ஹார்லோ, தாயைப் பிரிந்த குரங்குக் குட்டிகளிடம் தாம் கண்டதை அறிவித்தார். கம்பியால் செய்த தாயுருவில் பால் கிடைத்தது. மென்துணி போர்த்திய தாயுருவில் பால் இல்லை. குட்டிகளோ பசித்தபோது மட்டும் கம்பித் தாயை நாடின. மற்ற நேரமெல்லாம் துணித் தாயையே தழுவிக் கிடந்தன. அக்குட்டிகள் பட்ட துன்பத்தை இன்று பலரும் கண்டிக்கின்றனர். எனினும், அன்பு என்பது பாலுக்காக ஏற்படும் பழக்கம் மட்டுமன்று என்பது தெளிவாயிற்று.

வாட்சன் பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மேரி எயின்ஸ்வொர்த், பால்டிமோர் நகரில் 26 தாய்மாரையும் குழந்தைகளையும் அவர்தம் இல்லங்களிலேயே கண்டாய்ந்தார். அழுகைக்கு விரைந்து செவிசாய்த்த தாய்மாரின் குழந்தைகள், ஓராண்டு நிறையும் வேளையில் குறைவாகவே அழுதன என்று 1972இல் வெளியான ஆய்வு கூறிற்று. சிலர் இதை மறுத்து வாதிட்டதும் உண்டு. ஆயினும், அணைப்பது பிள்ளையைக் கெடுக்கும் என்ற கூற்று பின்னர் வலுவிழந்தது.

இதற்கிடையே மாஸ்லோ, ரோஜர்ஸ் ஆகியோர் மனிதநலக் கொள்கையை வளர்த்தனர். நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட விக்டர் பிராங்கிள், வாழ்வின் பொருளைத் தேடுவதே மனிதனின் தலையாய வேட்கை என்றார். மனம் செய்தியை எவ்வாறு பெறுகிறது, காக்கிறது, பயன்படுத்துகிறது என்று ஆராயும் அறிதல் உளவியல் 1950களுக்குப் பின் ஓங்கிற்று.

பெற்றோர் கருத்திற்கு

ஒவ்வொரு கொள்கையும் மனிதனின் ஒரு பக்கத்தை உண்மையாகவே கண்டது. கண்ட பக்கமே முழு மனிதன் என்று சாதித்தபோதுதான் தவறு நேர்ந்தது. வாட்சன் பழக்கத்தைக் கண்டார், பாசத்தைக் காணவில்லை. எனவே, அறிஞர் ஒருவர் கூறினார் என்பதற்காக உள்ளத்தின் குரலை அடக்கிவிடலாகாது; பாட்டி கூறினார் என்பதற்காக அறிவியலைத் தள்ளிவிடவும் கூடாது. அருள்பணியில் உளவியலின் முடிவுகளையும் பயன்படுத்த வேண்டுமென 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே வலியுறுத்தியுள்ளது. பிள்ளையின் மனம் வாடினால் தக்க மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நாட வெட்கப்பட வேண்டியதில்லை.

தொட்டிலில் குழந்தை இன்னும் அழுதுகொண்டிருக்கிறது. தாயே, எடுத்து அணைத்துக்கொள்ளுங்கள்.