சோறு இறங்காத நாட்கள்

பசிக்குச் சோறில்லாத கொடுமையைப் பற்றி நம்மவர் நிறையப் பேசியிருக்கிறார்கள். சோறு இருந்தும் பசியில்லாத கொடுமையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. முன்னதற்கு ஊரே இரங்கும். பின்னதைக் கண்டாலோ "பிடிவாதம்" என்பார்கள், "அன்னத்தை அவமதிக்கலாமா?" என்று புத்தி சொல்வார்கள். பெருந்துயரமோ பெருங்கவலையோ வந்துற்ற வீட்டில், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே வயிற்றுத் தீ அணைந்துவிடுகிறது என்பதைப் பட்டவர்களே அறிவார்கள்.

நான் வைத்தியன் அல்லேன். நாகபுரியில் ரயில்வே சரக்கு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவனும் அல்லேன். பிறந்தது திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமம். சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டு நாட்கள் சோறு இறங்காமல் தவித்தவன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு இதை எழுதத் துணிந்தேன். ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு இத்தகைய நாட்கள் என்றேனும் ஒருமுறை வரத்தான் செய்யும். அப்போது ஒரு வீட்டிற்கேனும் இது பயன்படுமாயின் மகிழ்வேன்.

2021ஆம் ஆண்டின் கோடைக்காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் தேதி, விசாகப்பட்டினத்தில் பிராணவாயு நிரப்பிய டாங்கர் லாரிகளைச் சுமந்துகொண்டு நாட்டின் முதல் ஆக்ஸிஜன் எக்ஸ்பிரஸ் நாகபுரிக்கு வந்து சேர்ந்தது. மூன்று லாரிகளை இங்கே இறக்கிவிட்டு, எஞ்சியவற்றுடன் அது நாசிக்கிற்குச் சென்றது. "மூச்சுக்காற்றையும் சரக்காக ஏற்றி இறக்கும் காலம் வந்துவிட்டதே!" என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டோம். அதன்பின் மூன்று வாரங்கூட ஆகவில்லை. மே 10ஆம் தேதி தமிழகத்தில் முழு ஊரடங்கு தொடங்கிற்று. மறுநாள் காலை தம்பி தொலைபேசியில் அழைத்தான். தகப்பனாருக்கு மூச்சுத் திணறல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னான். நான் உடனே புறப்படுவதாகக் கூறினேன்.

"வராதீங்க அண்ணே. வந்தாலும் உள்ள விடமாட்டாங்க. நானே வாசல்லதான் நிக்கேன்" என்றான்.

அவருக்கும் எனக்கும் இடையே 1,500 கிலோமீட்டருக்கும் மேல் தொலைவு. அன்று முதல் கைப்பேசியே எனக்கு ஆஸ்பத்திரியாயிற்று. மாலை ஒருமுறை தம்பிக்குச் செய்தி சொல்வார்கள். அவன் எனக்குச் சொல்வான். அந்த ஒரு நிமிஷத்திற்காக மற்ற நேரமெல்லாம் காத்துக் கிடந்தேன்.

அப்போதுதான் சோறு என்னைக் கைவிட்டது. வாயில் வைத்த கவளம் மண்போல் உருண்டது. உமிழ்நீரே ஊறவில்லை. வலிந்து விழுங்கினால் நெஞ்சுக்குழியில் நின்றது. அடுக்களையில் கடுகு தாளிக்கும் வாசனை வந்தாலே குமட்டிற்று. கடுங்காப்பியும் தேநீருமாக நாட்களை ஓட்டினேன். என் மனைவி முதலில் கெஞ்சினாள்; பிறகு கண்டித்தாள்; பிறகு அழுதாள். நான்காம் நாள் இரவு, "ரெண்டு வாயாவது சாப்பிடுங்க" என்று அவள் தட்டை முன்னே நகர்த்தியபோது, நான் அதைக் கையால் தள்ளிவிட்டேன். ரசம் தரையில் ஓடிற்று. ஆறு வயது நிரம்பாத என் மகள் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; பின்பு தன் தட்டையும் மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றிரவு வீட்டில் மூவரும் பட்டினி. அன்று செய்ததை நினைத்தால் இன்றும் நான் வெட்கமடைகிறேன்.

ஐந்தாம் நாள் அலுவலகத்தில் ஒரே வாகன் எண்ணை இருமுறை எழுதினேன். எழுந்து நின்றபோது கண் இருண்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தேன். இச்செய்தி எப்படியோ, இரண்டு தெரு தள்ளி வசிக்கும் அண்ணாச்சி ஒருவரின் காதுக்கு எட்டிற்று. அவர் எங்கள் சீமைக்காரர். எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று மாலை நான்கு மணிக்கு முகக்கவசத்துடன் எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு தூக்குச்சட்டி. அதில் கருப்பட்டியிட்ட உளுந்தங்கஞ்சி. படியில் வைத்துவிட்டு எட்டி நின்றுகொண்டார்.

"தம்பி, பசிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. இப்ப அது வராது. நாங்க எஞ்சின்ல பசிச்சா சாப்பிட்டோம்? நேரம் கிடைச்சா சாப்பிட்டோம். மணி பாத்துக் குடிங்க. அரை டம்ளர் போதும்" என்றார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. "அப்பாவுக்கு எப்படி?" என்றுகூடக் கேட்கவில்லை. டம்ளர் காலியாகும் வரை நின்றார். சட்டியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை பத்து மணிக்கும் வந்தார். மாலை நான்கு மணிக்கும் வந்தார். இடைப்பட்ட வேளைகளை என் மனைவி ஏற்றுக்கொண்டாள். காலை ஏழு மணிக்கு ஒரு வாழைப்பழமும் பாலும். ஒரு மணிக்குக் குழைந்த மோர்சாதம் நாலு கரண்டி. ஏழு மணிக்கு ஓர் இட்லி. தட்டு நிறையப் பரிமாறுவதை அவள் அடியோடு நிறுத்திவிட்டாள். எட்டாம் நாள் எனக்குத் தலைசுற்றல் நின்றது. பசி வரவில்லை, ஆனால் உடம்பு தாங்கிற்று.

பன்னிரண்டாம் நாள் தகப்பனார் காலமானார். தகனத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். அன்று மாலை நான்கு மணிக்கும் அண்ணாச்சி வந்தார். நானும் குடித்தேன். அழுவதற்கும் உடம்பில் சத்து வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பிற்பாடு, இது ஏன் நேர்கிறது என்று அறியும் ஆவல் உண்டாயிற்று. மருத்துவர் ஒருவரைக் கேட்டேன், நூல்களையும் புரட்டினேன். அறிந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன்.

1822ஆம் ஆண்டு, அமெரிக்காவில் மாக்கினா என்னும் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞனுக்கு வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் இரைப்பைக்குள் சென்ற துளை மட்டும் மூடவில்லை. அவனுக்குச் சிகிச்சை செய்த ராணுவ வைத்தியர் வில்லியம் போமான்ட், அத்துளை வழியே இரைப்பையின் வேலையை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1833இல் நூலாக வெளியிட்டார். அவன் கோபமுற்ற வேளைகளில் செரிமானம் கெடுவதை அவர் நேரிலே கண்டார். அதே நூற்றாண்டின் இறுதியில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் கேனன் என்பவர், அப்போது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த எக்ஸ் கதிர்களைக் கொண்டு பூனைகளின் இரைப்பையை ஆராய்ந்தார். பூனை கலவரமுற்றவுடன் இரைப்பையின் அசைவு நின்றது. அது அமைதியடைந்ததும் அசைவு மீண்டும் தொடங்கிற்று.

மனிதருக்கும் அவ்வாறே. அச்சமோ துயரமோ தாக்கும்போது அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, வயிற்றுக்குச் செல்லும் குருதி குறைந்து தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. வாய் உலர்கிறது, இரைப்பை மந்தமாகிறது. மூளையில் சுரக்கும் சி.ஆர்.எச். என்னும் ஹார்மோன் பசியுணர்வையே அடக்கிவிடுகிறது. விபத்து நிவாரண வண்டி போகும்போது சரக்கு வண்டிகளையெல்லாம் லூப் லைனில் நிறுத்தி வைக்கிறோம் அல்லவா? உடம்பும் அதைத்தான் செய்கிறது. நிவாரண வண்டி விரைவில் கடந்து போய்விட்டால் கேடில்லை. கவலை நாட்கணக்கில் நீளும்போதுதான் நிறுத்திய சரக்கு தேங்கிப்போகிறது. சிலருக்கு நீண்ட கவலையில் பசி மிகுந்து, இனிப்பையும் பொரித்த பண்டங்களையும் நாடுவதும் உண்டு. அதுவும் இக்கலக்கத்தின் மற்றொரு முகமே. ஆகவே உண்ண மாட்டாதவரைப் பிடிவாதக்காரர் என்று எண்ணுவது பிழை.

திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரம், முன் உண்டது செரித்தபின் நன்றாகப் பசித்து உண்ணுமாறு அறிவுறுத்துகிறது. நலமாயிருக்கும் நாட்களுக்கு அதனினும் சிறந்த விதி இல்லை. ஆனால் துயர நாட்களில் பசி என்னும் மணி அடிப்பதே இல்லை. அது அடிக்கும் வரை சுவர்க் கடிகாரத்தின் மணியைக் கேட்டு உண்பதே வழி.

எதை உண்பது? நீர்த்ததாகவும் சத்துள்ளதாகவும் இருப்பவை எளிதில் இறங்கும். உளுந்தங்கஞ்சி, பாசிப்பயற்றுக் கஞ்சி, சத்துமாவுக் கூழ், பால், தயிர் முதலியன நல்லவை. இந்த ஊர்க்காரர்கள் நோயாளிக்குத் தரும் வரண்பாத் என்னும் பருப்புச் சோறும் அத்தகையதே. அளவைக் கூட்ட முடியாதபோது சத்தைக் கூட்டலாம். கஞ்சியில் ஒரு கரண்டி நெய்யோ, வறுத்து இடித்த வேர்க்கடலைப் பொடியோ சேர்க்கலாம். வாசனை குமட்டினால் ஆறிய உணவைக் கொடுக்கலாம். சூடான பண்டமே மிகுதியாக மணக்கும். உணவோடு நிறையத் தண்ணீர் குடித்தால் வயிறு நிறைந்துவிடும். ஆகையால் உணவுகளுக்கு இடையே குடிப்பது நலம். ஆனால் குடிக்காமல் இருக்கலாகாது. நாகபுரியின் மே மாத வெயிலில் அது பெருந்தீங்கு. காப்பியும் தேநீரும் இருக்கும் சிறு பசியையும் மங்கச் செய்து தூக்கத்தையும் கெடுக்கும். புகையிலையும் அவ்வாறே பசியைக் கொல்லும். இயன்றால் மாலையில் சிறிது தூரம் நடப்பது நன்று.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கெஞ்ச வேண்டா, கணக்குப் பார்க்க வேண்டா, "உங்களால் நாங்களும் பட்டினி" என்று சொல்லவே வேண்டா. குற்றவுணர்ச்சி பசியைத் தூண்டாது. சிறு கிண்ணத்தில் சிறிதளவு வைத்துவிட்டு, அருகில் அமர்ந்து நீங்களும் உண்ணுங்கள். மிச்சம் வைத்தால் முகம் சுளிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த வேளை மூன்று மணி நேரத்தில் வந்துவிடும்.

சில நிலைகளில் வீட்டுப் பக்குவம் போதாது. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்பவர் உணவைத் தவிர்த்தால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கக்கூடும். அவர் உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும். தண்ணீரும் தங்காமல் வாந்தியெடுப்பவர், சிறுநீர் மிகவும் குறைந்தவர், மயங்கி விழுபவர் ஆகியோருக்கும் தாமதம் கூடாது. ஐந்து நாட்களுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே உண்ணாதவருக்குத் திடீரென வயிறு நிறையச் சோறிடுவது ஆபத்து. மருத்துவர் யோசனைப்படியே மெல்லத் தொடங்க வேண்டும். சில மாதங்களில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ, தானாகக் குறைந்தால் கவலை மட்டுமே காரணம் என்று இருந்துவிடலாகாது. பசியின்மையோடு உறக்கமின்மையும் எதிலும் பற்றின்மையும் இரண்டு வாரம் நீடித்தாலும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலும், வெட்கப்படாமல் உதவி நாடுக. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நம் ஊர்ப் பக்கங்களில் துக்கம் நிகழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினரும் அண்டை வீட்டாரும் சோறாக்கிக் கொண்டுவருவார்கள். துக்கமுற்றவனுக்குச் சமைக்கவும் கை வராது, உண்ணவும் வாய் வராது என்பதை முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஆனால் நம் நிலை வேறு. சாவு அங்கே நிகழ்கிறது. சோறு இறங்காத வீடு இங்கே இருக்கிறது. இங்கே வாசலில் பந்தலும் இல்லை, பறை முழக்கமும் இல்லை. அடுத்த வீட்டாருக்கே தெரிவதில்லை. சாவுக்கு மட்டுமன்று, ஊரிலே தாயின் அறுவைச் சிகிச்சை, அலுவலகத்திலே விசாரணை, பிள்ளையின் வேலையிழப்பு என்று எத்தனையோ வீடுகள் சத்தமின்றிப் பட்டினி கிடக்கின்றன.

நம் சங்கத்து அன்பர்கள் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். இத்தகைய செய்தி ஒரு வீட்டிற்கு வந்ததென்று அறிந்தால், அருகிலுள்ள இரண்டு குடும்பங்கள் பத்து நாட்களுக்குக் காலை பத்து மணியையும் மாலை நான்கு மணியையும் தமதாக்கிக்கொள்ள வேண்டும். விருந்து வேண்டா, ஆறுதல் மொழியும் அதிகம் வேண்டா. ஒரு தூக்குச்சட்டிக் கஞ்சியும், டம்ளர் காலியாகும் வரை நிற்கும் பொறுமையும் போதும்.

அண்ணாச்சிக்குச் சென்ற ஆண்டு மனைவி தவறிப்போனார். மறுநாள் காலை பத்து மணிக்கு நான் அவர் வாசலில் நின்றேன். தூக்குச்சட்டியை என் மகள் எடுத்து வந்தாள்.