முதல் ரேடியோ வாங்கும் முன் மொட்டை மாடியைப் பாருங்க... ஹாம் நிலையம் அமைப்பது எப்படி?

ஹாம் ரேடியோ பக்கம் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த செட் வாங்கலாம்?" என்பதுதான். செல்போன் வாங்கிப் பழகிய தலைமுறைக்கு அது இயல்பான கேள்வி. மாடலைப் பார், ரிவ்யூ பார், ஆஃபர் வந்ததும் ஆர்டர் போடு. ஆனால் ரேடியோவில் இந்தக் கணக்கு எடுபடாது. லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து டிரான்ஸ்சீவர் வாங்கி, ஜன்னல் கம்பியில் ஒரு ஒயரைச் சுற்றிவிட்டு, "யாருமே பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று நொந்துபோகிறவர்கள் உண்டு. பத்து வாட் செட்டும், தென்னை மரத்தில் இழுத்துக் கட்டிய செம்பு ஒயருமாகப் பக்கத்து மாநிலங்களோடு தினமும் அரட்டை அடிப்பவர்களும் உண்டு. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் செட் இல்லை, ஆண்டெனா.

செல்போன் டவரும் இன்டர்நெட்டும் இல்லாமல், சொந்த ரேடியோ நிலையத்திலிருந்து மற்றவர்களோடு பேசும் பொழுதுபோக்குதான் ஹாம் ரேடியோ. அரசு உரிமத்தோடு செய்வது. இதை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. "வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பரில் பதில் கிடைத்தது. அந்தமானிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதற்காக, பாரதி பிரசாத் தலைமையிலான குழு அப்போது போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்து இயக்கிக்கொண்டிருந்தது. டிசம்பர் 26 காலை சுனாமி தாக்கியது. தொலைபேசி இணைப்புகள் அறுந்த நிலையில், பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே கருவிகள்தான் தீவுகளிலிருந்து செய்திகளை வெளியே கொண்டுவந்தன.

லைசென்ஸ் முதலில், செட் பிறகு

இந்தியாவில் உரிமம் இல்லாமல் ஒலிபரப்பும் கருவியைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதே சட்ட விரோதம். சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும் சீன வாக்கி-டாக்கிகளை இது தெரியாமல் வாங்கியவர்கள் ஏராளம். உரிமம் தேவை என்ற தகவலே இல்லாமல் இவற்றை விற்றதற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் இணைய வணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது ஹாம் பேண்ட் கிடையாது.

உரிமத்துக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுத வேண்டும். 12 வயது நிறைந்தால் போதும், சென்னையிலேயே எழுதலாம். 'ரெஸ்ட்ரிக்டட்' பிரிவுக்கு மோர்ஸ் தேவையில்லை. அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும். தேர்வு, விண்ணப்பம், கால் சைன் எல்லாம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். அந்தக் காத்திருப்பு வீணல்ல. நிலையத்தைத் திட்டமிட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

எந்த பேண்ட் என்பதை வீடு முடிவு பண்ணும்

யாரோடு பேச ஆசை என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. ஊருக்குள் இருக்கும் நண்பர்களோடு பேச 144 - 146 மெகாஹெர்ட்ஸ், அதாவது 2 மீட்டர் பேண்ட் போதும். இது ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும் அலை. உயரமான இடத்தில் ரிப்பீட்டர் இருந்தால் தூரம் கூடும். கோவை, மதுரை, பெங்களூரு, ஹைதராபாத் என்று பேச வேண்டுமானால் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அதாவது 40 மீட்டர் பேண்டுக்குப் போக வேண்டும். வானில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டு, வளைந்து கீழே வரும் அலை அது. பகலில் சில நூறு கிலோமீட்டர், இரவில் அதைவிடப் பல மடங்கு. வெளிநாடுதான் குறி என்றால் 14 மெகாஹெர்ட்ஸ்.

இங்கேதான் வீடு குறுக்கே வரும். அரை அலை டைபோல் என்பது எல்லோரும் முதலில் கட்டும் ஆண்டெனா. நடுவில் கேபிள், இரண்டு பக்கமும் சமமான ஒயர். அவ்வளவுதான். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் வந்துவிடும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் சுமார் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. சொந்த வீடு, தோட்டம், இரண்டு தென்னை என்று இருப்பவர்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமை வேலை. வேளச்சேரியில் ஃபிளாட்டில் இருப்பவருக்கு? நடுப்பகுதியை ஒரு கம்பத்தில் உயர்த்தி, இரண்டு முனைகளையும் சரிவாக இறக்கினால் கொஞ்சம் இடம் மிச்சமாகும். அதற்கும் இடம் இல்லையென்றால் 14 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவர வேண்டியதுதான். அங்கே மொத்த நீளமே 10 மீட்டர். இன்னொரு வழி, ஒயரின் ஒரு முனையில் மட்டும் சிறிய டிரான்ஸ்ஃபார்மரோடு கேபிளை இணைக்கும் 'எண்ட்-ஃபெட்' ஆண்டெனா. மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எதிரே உள்ள மரத்துக்கு ஒரே ஒயராக இழுத்துவிடலாம்.

7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய டைபோலில் ஒரு போனஸ் உண்டு. அதன் மூன்று மடங்கான 21 மெகாஹெர்ட்ஸிலும் அது வேலை செய்யும். ஒரே ஒயர், இரண்டு பேண்ட்.

2 மீட்டருக்கு மட்டும் என்றால் இன்னும் சுலபம். சுமார் அரை மீட்டர் நீளத்தில் ஐந்து கம்பிகள், ஒரு சாக்கெட். ஒன்று மேலே, நான்கு கீழே சரிவாக. கான்கிரீட் சுவருக்குள் உட்கார்ந்து கையடக்க செட்டின் ரப்பர் ஆண்டெனாவில் கத்துவதைவிட, மாடியில் நிற்கும் இந்தக் கம்பிகள் பல மடங்கு தூரம் கொண்டுபோகும்.

வெட்டும்போது கொஞ்சம் நீளமாகவே வெட்ட வேண்டும். குறைப்பது எளிது, ஒட்டுவது கஷ்டம். எஸ்.டபிள்யூ.ஆர். எனும் அளவு 1.5க்குள் வந்தால் நல்லது, 2 வரை சமாளிக்கலாம். அதைப் பார்க்க 'நானோ வி.என்.ஏ.' என்ற உள்ளங்கை அளவுக் கருவி இப்போது சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. ஆனால் அந்த எண்ணை மட்டுமே நம்பி ஏமாறவும் கூடாது. சோதனைக்குப் பயன்படுத்தும் 'டம்மி லோட்' கச்சிதமாக 1 காட்டும். அதிலிருந்து ஒரு தெருகூடத் தாண்டி சிக்னல் போகாது.

குடியிருப்போர் சங்கத்திடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. ஒயரைப் பார்த்துத் துணி காயப் போடும் கொடி என்று நினைத்துவிடுவார்கள். சிரிப்பதற்கில்லை, ஒலிபரப்பும்போது டைபோலின் முனைகளில் உயர் மின்னழுத்தம் இருக்கும், தொட்டால் சுடும். அதனால் கைக்கு எட்டாத உயரம் கட்டாயம். அதைவிடக் கட்டாயம், தெருவில் போகும் மின்வாரியக் கம்பிகளுக்கு மேலேயோ பக்கத்திலேயோ ஒயரைக் கொண்டுபோகவே கூடாது. ஆண்டெனா அறுந்து விழுந்தால்கூட மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். இடி மின்னல் நேரத்தில் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றிவிட வேண்டும், அதுவும் மேகம் கறுக்கும்போதே.

கேபிள் குடிக்கும் பவர்

யாரும் கவனிக்காத செலவு இது. மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் மலிவு, வளைக்க எளிது. ஆனால் மூன்றாவது மாடி வீட்டிலிருந்து மொட்டை மாடிக்கு 30 மீட்டர் இழுத்து, 145 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் அனுப்பினால், மேலே போய்ச் சேருவது ஏறக்குறைய ஒன்றே கால் வாட். மீதி கேபிளிலேயே சூடாகிப் போய்விடும். தடிமனான ஆர்.ஜி.213 போட்டால் மூன்று வாட்டுக்குப் பக்கத்தில் வரும். அதே ஆர்.ஜி.58 கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் முக்கால் பங்கைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எனவே 40 மீட்டருக்கு மெல்லிய கேபிள் ஓகே, 2 மீட்டருக்கு வேண்டாம். வெளியே உள்ள இணைப்புகளில் தண்ணீர் இறங்காத டேப் சுற்றுவது அவசியம். ஒரு வடகிழக்குப் பருவமழை போதும், கேபிள் உள்ளே பச்சை பூத்துவிடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

அப்போ, எந்த செட்?

இப்போதுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம் வருகிறது. பவர் ஆசையை முதலில் விட்டுவிடலாம். 10 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் எதிர்முனையில் சிக்னல் மீட்டர் இரண்டு புள்ளிகூட ஏறாது. பத்து மடங்கு பவருக்கு அவ்வளவுதான் பலன். தாழ்வாகத் தொங்கும் ஆண்டெனாவைச் சில மீட்டர் உயர்த்தினாலே பல நேரம் அந்த வித்தியாசம் கிடைத்துவிடும்.

பாவ்ஃபெங் யு.வி.-5ஆர் போன்ற கையடக்க செட்டுகள் மலிவானவை, உள்ளூர் ரிப்பீட்டருக்குப் போதும். 40 மீட்டரில் அவை வேலை செய்யாது. அங்கே ஐகாம் ஐ.சி.-7300 பிரபலம், 100 வாட், திரையில் பேண்ட் முழுவதையும் படமாகக் காட்டும், விலை லட்சத்தைத் தாண்டும். 20 வாட் சியகு ஜி90 அதைவிட எவ்வளவோ மலிவு. இன்னும் சிக்கனமாக, கொஞ்சம் கையழுக்கோடு போக விரும்புபவர்களுக்கு ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' வரிசை இருக்கிறது. ஆரம்பகால வடிவமைப்பில் காயில் சுற்ற தண்ணீர்க் குழாய் வாஷரையே பயன்படுத்தச் சொன்னவர் அவர். இந்தியாவில் சுலபமாகக் கிடைக்கும் பொருட்களில் கட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்று உலகின் பல மூலைகளில் ஹாம்கள் அதைக் கட்டியிருக்கிறார்கள்.

பழைய செட் வாங்குவதிலும் தப்பில்லை. ஆனால் உரிமம் உள்ள ஹாமிடமிருந்து, நேரில் போய், டம்மி லோடில் ஒலிபரப்பிப் பார்த்து வாங்க வேண்டும். போட்டோவை நம்பி அட்வான்ஸ் அனுப்புவது வேண்டாத வேலை.

இரைச்சல் என்ற எதிரி

நகரத்தில் பலரைத் தோற்கடிப்பது இதுதான். எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் கருவி என்று ஒவ்வொன்றும் 7 மெகாஹெர்ட்ஸில் உறுமும். எதிர்முனையில் பேசுபவர் அதில் மூழ்கிவிடுவார். செட் வாங்கும் முன்பே இதைச் சோதித்துவிடலாம். தாத்தா இலங்கை வானொலி கேட்ட பழைய டிரான்சிஸ்டர் பரணில் இருந்தால் எடுங்கள். பேட்டரி போட்டு, ஷார்ட்வேவில் 41 மீட்டர் பக்கம் திருப்புங்கள். ஹாம்களின் 40 மீட்டருக்கு அதுதான் பக்கத்து வீடு. வீடு முழுக்க, மாடி முழுக்க நடந்து, இரைச்சல் குறைவாக இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் சிக்கிவிடுவார். அந்தக் கருவியின் ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டினால் பெரும்பாலும் அடங்கும். அடங்கவில்லையென்றால் பக்கத்து ஃபிளாட்டுக்குப் பலகாரத்தோடு போக வேண்டியிருக்கும்.

கரண்ட் போன பிறகு

100 வாட் செட் ஒலிபரப்பும்போது 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் ஓர் ஆம்பியரை ஒட்டித்தான். சுவரில் செருகும் பவர் சப்ளை ஒன்றை மட்டும் நம்பினால், மின்சாரம் போன நிமிடமே நிலையம் வாயடைத்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் கரண்டும் செல்போனும் சேர்ந்தே போனது நினைவிருக்கும்.

நல்ல செய்தி, பல தமிழ்நாட்டு வீடுகளில் விடை ஏற்கெனவே இருக்கு. இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி, 20 வாட் செட்டைப் பல மணி நேரம் ஓட்டும். 13.8 வோல்ட்டுக்கு 15 சதவீதம் கீழே வரை, அதாவது 11.7 வோல்ட் வரை தாங்கும் செட்டுகள் பல உண்டு. பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே இரண்டு ஒயரிலும் ஃபியூஸ் போட வேண்டும். இதில் சமரசம் கூடாது. அவ்வளவு பெரிய பேட்டரி ஷார்ட் ஆனால் ஒயர் உருகித் தீப்பிடிக்கும். தனியாக வாங்குவதானால் எடை குறைந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வசதி. விலை கொஞ்சம் கூட.

இன்வெர்ட்டர் பேட்டரியைப் பெரும்பாலும் தரையில்தான் வைத்திருப்பார்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள் அதை உறுதியான ஸ்டாண்டில், வெள்ளம் எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது. மாதம் ஒரு முறை, ஒரு ஞாயிறு காலை, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு பேட்டரியில் மட்டும் 40 மீட்டரில் யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கலாம். ஃபியூஸ் பிடி தளர்ந்திருப்பது, பேட்டரி முனையில் உப்புப் பூத்திருப்பது எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.