நாற்காலியில் இருந்த வாலிபர் நாள்தோறும் ஓடினார்!

நார்வே நாட்டின் தலைநகரம் ஆஸ்லோ. அந்த நகரத்தில் ஒரு வாலிபர் இருந்தார். பெயர் மாட்ஸ் ஸ்டீன்.

அவரால் நடக்க முடியாது. எழுந்து நிற்க முடியாது. கையைத் தூக்கித் தலைமுடியைக் கோத முடியாது. விரல்கள் மட்டும் கொஞ்சம் அசையும். அந்த விரல் அசைவை வைத்துக்கொண்டு அவர் காட்டில் ஓடினார். வாள் வீசினார். காதல் பேசினார். சண்டை பிடித்தார். கஷ்டப்பட்டவர்களுக்கு யோசனை சொன்னார்!

"இது என்ன விடுகதை?" என்கிறீர்களா? விடுகதை அல்ல; நடந்த கதை.

2014-ம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ந்தேதி அவர் இறந்து போனார். அப்போது அவருக்கு வயது 25. தாயும் தந்தையும் தங்கையும் அழுதார்கள். பிள்ளை போய்விட்டானே என்பது ஒரு துக்கம். ஒரு நண்பன்கூட இல்லாமல், ஒரு பெண்ணின் அன்பை அறியாமல், பிறருக்கு ஒரு உதவி செய்தோம் என்ற திருப்தியும் இல்லாமல் போய்விட்டானே என்பது இன்னொரு துக்கம். பெற்றவர்களை அதிகமாக வாட்டியது இந்த இரண்டாவது துக்கம்தான்.

முதல் துக்கம் தீராதது. இரண்டாவது துக்கம் சில நாட்களிலேயே தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது? கேளுங்கள்.

கொடிய நோய்

மாட்ஸ் பிறந்தது 1989-ம் ஆண்டில். சின்னக் குழந்தையாக இருந்தபோதே அடிக்கடி விழுவான். எழுந்திருக்கத் தடுமாறுவான். நாலு வயதில் டாக்டர்கள் நோயைக் கண்டுபிடித்தார்கள். "டூஷென்" என்ற தசைச் சிதைவு நோய். அதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு டாக்டர் ஒருவரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டு இருக்கிறது.

நம் உடம்பில் தசைகளைக் கட்டிக் காக்கும் ஒரு புரதச் சத்து உண்டு. இந்த நோய் உள்ளவர்களின் உடம்பு அதைச் சரியாக உண்டாக்குவது இல்லை. ஆகவே தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். முதலில் கால் போகும். பிறகு கை. கடைசியில் இருதயமும் மூச்சும். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வரும் நோய் இது. முற்றிலும் குணப்படுத்த இன்னும் வழி இல்லை.

பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும். மற்றப் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பையன் என்ன செய்வான்? தந்தை ராபர்ட் யோசித்தார். கம்ப்யூட்டர் விளையாட்டில் பழகட்டும் என்று விட்டார். பையன் அதைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் கடைசி வரையில் விடவில்லை!

வேஷம் கட்டும் ஆட்டம்

அது என்ன விளையாட்டு? சீட்டு ஆட்டமா, பந்து ஆட்டமா? இரண்டும் இல்லை. பணம் வைத்து ஆடி வீட்டை விற்க வைக்கிறதே ரம்மி, அதுவும் இல்லை.

இது வேஷம் கட்டும் ஆட்டம். தெருக்கூத்தில் பகலெல்லாம் ஏர் உழுதவர் இரவில் கிரீடம் வைத்து துரியோதனனாக வருகிறார் அல்லவா? அதுபோலத்தான். ஒரு வித்தியாசம் உண்டு. கூத்தில் கதை முன்கூட்டியே தெரியும். இங்கே தெரியாது. ஆடுகிறவர்கள் பேசப் பேசக் கதை வளரும்.

1974-ம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் இத்தகைய ஆட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். "டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்" என்பது அதன் பெயர். 1978-ல் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் அதே சாயலில் ஓர் ஆட்டத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு போனார்கள். படம் கிடையாது, வெறும் எழுத்துதான். ஆனாலும் தனித் தனி இடத்தில் இருந்த பலர் ஒரே காட்டில், ஒரே குகையில் சந்திக்க முடிந்தது. புதுமை அதுதான்.

2004-ம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் பிளிசார்டு கம்பெனி "வேர்ல்டு ஆப் வார்கிராப்ட்" என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அடுத்த பிப்ரவரியில் ஐரோப்பாவுக்கு வந்தது. மாதச் சந்தா கட்டி ஆட வேண்டும். 2010-ல் சந்தா கட்டியவர்கள் 1 கோடியே 20 லட்சம் பேர்!

அந்த ஆட்டத்தின் உலகத்துக்கு "அசரோத்" என்று பெயர். மலை உண்டு, கடல் உண்டு, கடைவீதி உண்டு. நீங்கள் மனிதனாகப் போகலாம், குள்ளனாகப் போகலாம், பச்சை நிற ராட்சசனாகவும் போகலாம். நானும் போய் வந்தவன்தான். போன முதல் நாளே ஓநாய் கடித்துச் செத்தேன். செத்தால் ஆட்டம் முடிந்துவிடாது. ஆவி சுடுகாட்டில் நிற்கும். அங்கிருந்து உங்கள் பிணம் கிடக்கும் இடத்துக்கு நீங்களே ஓடிப் போய் உயிரை வாங்கிக்கொள்ள வேண்டும்! சிரிப்பாக இருக்கிறதா? எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு இரவு வெகு நேரம் வரையில் எழுந்திருக்க மனம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆடுகிறவர்கள் பத்துப் பேர், இருபது பேர் என்று கூடிச் சங்கம் வைத்துக்கொள்வார்கள். மாட்ஸ் சேர்ந்த சங்கத்தின் பெயர் "ஸ்டார்லைட்". நட்சத்திர ஒளி என்று அர்த்தம்.

தொப்பியைப் பறித்த பெண்

மாட்ஸ் கட்டிய வேஷத்தின் பெயர் இபெலின் ரெட்மோர். பிரபு வம்சம். அகன்ற தோள். நீண்ட கூந்தல். துப்புத் துலக்குவதில் கெட்டிக்காரன். பெண்களைக் கண்டால் குழைந்து பேசுவான்.

இபெலினுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்துக்குள் வந்ததும் முதலில் ஓடுவான். சண்டைக்காக அல்ல, யாரும் துரத்தவும் இல்லை. சும்மா ஓடுவான். சங்கத்தார் கேலி செய்வார்கள். "என்னப்பா இது, தினம் தினம் ஓட்டம்?" என்று நினைத்தார்கள். காரணம் அவர்களுக்கு அப்போது தெரியாது.

ஒரு நாள் ஒரு பெண் வந்து இபெலினின் தொப்பியைப் பறித்துக்கொண்டு ஓடினாள். அவன் துரத்தினான். சிநேகம் வளர்ந்தது. அந்த வேஷத்துக்குப் பின்னால் இருந்தவள் நெதர்லாந்து நாட்டுப் பள்ளி மாணவி. கொஞ்ச நாளில் அவளுக்குப் பரீட்சையில் மார்க் குறைந்தது. பெற்றோர் கம்ப்யூட்டரைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். (எந்த ஊராக இருந்தால் என்ன, பெற்றோர் பெற்றோர்தான்!) அவள் மனம் ஒடிந்து போனாள். மாட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? அவளுடைய பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினார். அவளுக்கு இந்தச் சிநேகிதர்கள் எவ்வளவு முக்கியம் என்பதைப் பணிவாக எடுத்துச் சொன்னார். பெரியவர்கள் பேச வேண்டிய முறையில் அவர் பேசியிருந்தார்.

டென்மார்க் நாட்டுத் தாய் ஒருத்தியும் அந்தச் சங்கத்தில் இருந்தாள். அவள் மகன் ஆட்டிசம் உள்ளவன். தாயைக் கட்டிப்பிடிக்கவும் முடியாமல் ஒதுங்கி இருந்தான். அந்த வேதனையை அவள் இபெலினிடம் சொல்லி அழுதாள். "இருவரும் சேர்ந்து ஆடிப் பாருங்கள்" என்பது அவர் கொடுத்த யோசனை. ஆடினார்கள். நேரில் தாயை அணைக்க முடியாத மகன், ஆட்டத்துக்குள் தன் பொம்மையால் தாயின் பொம்மையை அணைத்துக்கொண்டான். அதிலிருந்து நேரிலும் மெள்ள நெருங்கி வந்தான்.

இத்தனையும் ஆஸ்லோவில் பெற்றோரின் வீட்டிலேயே, அவருக்கென்று அமைத்த கீழ்த்தளத்தில் நடந்தது. மாடியில் இருந்த தாய் தந்தைக்குத் தெரிந்தது எல்லாம் ஒன்றுதான்: பையன் இரவு பகலாகத் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான்! "நேரத்தோடு படுத்துத் தூங்கினால் என்ன?" என்று சொல்லிப் பார்த்தார்கள். கடைசிப் பத்து ஆண்டுகளில் அவர் ஆடியது 15 ஆயிரம் முதல் 20 ஆயிரம் மணி நேரம் என்று கணக்கிட்டு இருக்கிறார்கள். தினம் எட்டு மணி நேரம் என்று வைத்தால், ஒரு நாள்கூட லீவு இல்லாமல் ஐந்து முதல் ஏழு வருஷ உத்தியோகம்!

மறைத்தார், பிறகு எழுதினார்

மாட்ஸ் மகான் அல்ல. அதையும் சொல்ல வேண்டும். கோபத்தில் சுருக்கென்று பேசுவார். நண்பர்கள் மனம் புண்பட நடந்ததும் உண்டு. எல்லாரும் மைக்கில் பேசும்போது அவர் மட்டும் வரமாட்டார். நேரில் சந்திக்கலாம் என்று கூப்பிட்டாலும் நழுவிவிடுவார். "ஏதோ மறைக்கிறான்" என்று சிலர் மனஸ்தாபப்பட்டார்கள்.

மறைத்தார்தான். அந்த உலகத்தில் அவரைப் பார்த்து யாரும் "ஐயோ பாவம்" என்று சொன்னது இல்லை. அதை இழக்க அவருக்கு மனம் இல்லை. நாம் அவர் இடத்தில் இருந்தால் வேறு விதமாகச் செய்திருப்போமா?

கடைசியில் 2013-ம் ஆண்டில் உண்மையை வெளியிட்டார். பேசிச் சொல்லவில்லை, எழுதினார். பிளாக் என்கிறார்களே, வலைப்பூ, அதில் எழுதினார். இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக் கூடிய நாட்குறிப்பு அது. பத்திரிகை ஆசிரியரின் தயவு வேண்டாம், அச்சுக்கூலி வேண்டாம். நாட்குறிப்பைப் பெட்டியில் பூட்டி வைப்போம். பிளாக்கைத் திறந்து வைக்கிறார்கள். 1990-களின் கடைசியில் கிளம்பிய பழக்கம்.

தன் பிளாக்குக்கு "வாழ்க்கைச் சிந்தனைகள்" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் பெயர் வைத்தார். நோய் எப்போது வந்தது, நாற்காலி எப்போது வந்தது, ஆட்டத்துக்குள் போனால் உடம்பின் விலங்கு எப்படிக் கழன்றுவிடுகிறது என்றெல்லாம் எழுதினார். தொப்பி பறித்த பெண்ணைப் பற்றியும் எழுதினார். சங்கத்தார் படித்தார்கள். திகைத்தார்கள். ஓட்டத்தின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது! அவர்கள் யாரும் விலகவில்லை. முன்னைவிட நெருங்கினார்கள். அவருக்கு மிஞ்சி இருந்தது ஓர் ஆண்டுக்குச் சற்று அதிகம்தான்.

தபால் மழை

மகன் இறந்ததும், அவன் எழுதிய பிளாக் தந்தையின் நினைவுக்கு வந்தது. படிக்கிறவர்கள் சில பேராவது இருப்பார்கள், அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா? மாட்ஸ் விட்டுச் சென்ற பாஸ்வேர்டு கையில் இருந்தது. அதை வைத்துப் பிளாக்கைத் திறந்து, மரணச் செய்தியை எழுதினார். கீழே தன் ஈ-மெயில் விலாசத்தையும் போட்டார். பதில் வரும் என்று பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

ஒரு கடிதம் வந்தது. நீண்ட கடிதம். தந்தை உரக்கப் படித்தார். குடும்பம் கேட்டது. இன்னொன்று வந்தது. பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன! எல்லாம் முன்பின் தெரியாதவர்கள். பல நாட்டுக்காரர்கள். "இபெலின் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ" என்ற பாவனையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருந்தது. நண்பன் இல்லை, காதல் இல்லை, பயன் இல்லை என்று அழுதார்களே, அந்த மூன்றும் கடிதங்களில் இருந்தன.

ஆஸ்லோவில் அடக்கம் நடந்தபோது ஸ்டார்லைட் சங்கத்தார் ஐந்து பேர் வெவ்வேறு நாடுகளில் இருந்து வந்து நின்றார்கள். வழிச்செலவுக்குச் சங்கமே பணம் திரட்டியது. அவர்களில் ஒருவர் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று பேசினார். உறவினர்கள் ஆச்சரியத்துடன் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

2019-ம் ஆண்டில் நார்வே வானொலியும் பிறகு பி.பி.சி.யும் இந்தக் கதையை வெளியிட்டன. உலகம் முழுவதும் பரவியது. "பையனின் ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கலாமே, அதில் இன்னும் அக்கறை காட்டி இருக்கலாமே" என்ற எண்ணத்தைத் தந்தை ராபர்ட் மறைக்காமல் வெளியிட்டார். பின்னாளில் ஆஸ்லோ நகர நிர்வாகத்தில் பெரிய பொறுப்பு வகித்தவர் அவர்.

"அப்படியானால் பிள்ளைகள் விடிய விடிய ஆடட்டும் என்கிறாயா?" என்று யாராவது கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆட்டத்தை விட முடியாமல் படிப்பும் வேலையும் கெடுகிற நிலையை உலகச் சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்த முடிவு 2019-ல் எடுத்தது. ஓடி ஆடக் கால் உள்ள பையன் வேறு, மாட்ஸ் வேறு. ஆனால் கதவைத் திறந்து, "யாரோடு பேசிக்கொண்டு இருக்கிறாய், தம்பி?" என்று கேட்பதற்குக் காசு செலவு இல்லை அல்லவா?

சினிமா ஆயிற்று

ஸ்டார்லைட் சங்கத்தார் தங்கள் பேச்சுகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். சுமார் 42 ஆயிரம் பக்கம்! இபெலின் எந்த நாள் யாரிடம் என்ன சொன்னான், எப்போது சிரித்தான், எப்போது முறைத்தான் என்பதெல்லாம் அதில் இருந்தன. பெஞ்சமின் ரீ என்ற நார்வே டைரக்டர் அதை வைத்துப் படம் எடுத்தார். ஆட்டத்துக்குள் நடந்த காட்சிகளை அதே பேச்சோடு சித்திரமாக்கிக் காட்டினார். 2024-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் படவிழாவில் டைரக்டர் பரிசும் ரசிகர் பரிசும் அந்தப் படத்துக்குக் கிடைத்தன. அதே ஆண்டு அக்டோபரில் நெட்பிளிக்சில் வெளிவந்தது. நெட்பிளிக்ஸ் உள்ளவர்கள் வீட்டோடு உட்கார்ந்து பார்க்கலாம். கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும்.

படம் வெளிவந்த சமயத்தில் பிளிசார்டு கம்பெனி ஒரு காரியம் செய்தது. ஆட்டத்தில் வளர்ப்பதற்கு ஒரு நரிக்குட்டியையும், அதை உட்கார வைத்து முதுகில் மாட்டிக்கொள்ளும் ஒரு பையையும் விற்பனைக்கு விட்டது. வந்த பணம் டூஷென் நோய்க்கு மருந்து தேடும் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குப் போயிற்று. இப்போது அந்த விற்பனை முடிந்துவிட்டது. அப்போது வாங்கியவர்கள் அந்தப் பையை இன்னும் மாட்டிக்கொள்கிறார்கள். அசரோத் காட்டில் நீங்கள் போகும்போது, முதுகில் நரிக்குட்டியோடு யாராவது உங்களைக் கடந்து ஓடினால், அது எதற்காக வந்த நரி என்பது உங்களுக்குத் தெரியும்.