காலுக்கு ஊசி சரி, கைக்கு வேண்டுமா?

முழங்காலுக்குப் பின்புறமும் கணுக்காலைச் சுற்றியும் சிவப்பும் நீலமுமாகச் சிலந்தி வலை போல் படரும் மெல்லிய கோடுகள் பெண்கள் பலருக்கு மனக்குறையாகி விடுகின்றன. ஊசி போட்டால் மறைந்துவிடும் என்கின்றன விளம்பரங்கள். அது உண்மைதான். ஆனால் யாருக்கு, எந்த இடத்தில் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சு வழக்கில் 'நரம்பு' என்றாலும் இவை நரம்புகள் அல்ல. தோலுக்கு அடியில் விரிந்துவிட்ட நுண்ணிய இரத்தக் குழாய்கள். தடிமன் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. பரம்பரை, கர்ப்ப காலம், வயது, நெடுநேரம் நின்று செய்யும் வேலை ஆகியவை காரணமாகலாம். பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் கால் வீக்கம், கடுப்பு, கணுக்காலில் கருமை இருந்தால் முதலில் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை அவசியம். உள்ளே பெரிய குழாயின் வால்வு பழுதாகியிருந்தால், வெளிக்கோட்டுக்கு மட்டும் ஊசி போட்டுப் பயனில்லை.

இச்சிகிச்சைக்கு ஸ்கிளிரோதெரபி என்று பெயர். மிக மெல்லிய ஊசியால் போலிடோகனால் போன்ற மருந்தைக் குழாய்க்குள் செலுத்துவார்கள். அது குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கும். சுவர்கள் ஒட்டிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றுவிடும். பிறகு உடலே அக்குழாயைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடும்.

"வலிக்குமா?" என்பதே பலரும் கேட்கும் முதல் கேள்வி. லேசான எரிச்சல் இருக்கும். மயக்க மருந்து தேவையில்லை. முடிந்தவுடன் நடக்கலாம். இறுக்கமான காலுறை அணிய வேண்டும். பலன் தெரியச் சில வாரங்களாகும். ஒரே தடவையில் முடிந்துவிடாது. பிற்காலத்தில் புதிய கோடுகள் தோன்றவும் கூடும்.

மாநிறத் தோலில் பழுப்புத் தழும்பு தங்கி, மறையப் பல மாதங்கள் ஆகலாம். அரிதாகத் தோல் புண், இரத்தக்கட்டு, கடும் ஒவ்வாமை ஏற்படலாம். கர்ப்பிணிகளும், காலில் இரத்தக்கட்டு உள்ளவர்களும் இந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும்.

கைகளின் கதை வேறு. வயதானால் தோல் மெலிந்து, கொழுப்பு குறைந்து, புறங்கைக் குழாய்கள் புடைத்துத் தெரியும். அவை பழுதானவை அல்ல. நன்றாக வேலை செய்பவை. இரத்தம் எடுக்கவும் மருத்துவமனையில் டிரிப் ஏற்றவும் அவைதாம் வேண்டும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்ய நேர்ந்தால், பெரும்பாலும் கையில் உள்ள குழாயைத்தான் அதற்குத் தயார் செய்கிறார்கள். நீரிழிவு மிகுந்த நம் சமூகத்திற்கு இது சிறிய விஷயமல்ல. ஊசியால் அடைத்த குழாயை மீண்டும் திறக்க முடியாது. அழகுக்காக அதை இழப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

எப்படியிருந்தாலும் இந்த ஊசியை அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது. மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்ற, இச்சிகிச்சையில் பயிற்சியுள்ள மருத்துவரையே நாடுங்கள். என்ன மருந்து, எத்தனை தடவை, மொத்தச் செலவு எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்ல மறுக்கும் இடத்தில் காலை நீட்டாதீர்கள்.