உடலைக் கழுவி இளமை பெறலாமா?

மாணவ நண்பர்களே,

பிறர் பிழையை எடுத்துக் காட்டுவது ஆசிரியர்க்குப் பழகிப்போன தொழில். இன்று என் பிழை ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

அறுபத்தாறு வயது நிரம்பிய எனக்குச் சென்ற ஆண்டு ஒரு துண்டு வெளியீடு கிடைத்தது. ஏழு நாட்கள் வேறு உணவை விலக்கிப் பழச்சாறும் கீரைச்சாறும் மட்டும் அருந்தினால், உடம்பில் பல்லாண்டுகளாகத் தேங்கிய நச்சுகள் வெளியேறும். தோலின் சுருக்கம் மறையும். மூப்பு பின்வாங்கும் என்று அதில் கண்டிருந்தது. 'டீடாக்ஸ்' என்று இக்காலத்தார் வழங்கும் நச்சுநீக்க உணவுமுறை அது. நான் நம்பிவிட்டேன். இரத்த அழுத்தத்திற்கு நாள்தோறும் மாத்திரை உண்பவன் என்பதையும் எண்ணிப் பார்க்கவில்லை. மூன்று நாட்களில் எடை குறையவே மகிழ்ந்தேன். ஐந்தாம் நாள் விடியலில் கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தேன். சிகிச்சை செய்த மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, எந்த நஞ்சை வெளியேற்றினீர்கள்?"

முப்பது ஆண்டுகள் மாணவர்களிடம் 'சான்று எங்கே?' என்று கேட்டு வந்தவன் நான். அன்று விடை கூற இயலாமல் தலைகுனிந்தேன். பின்னர்த் தேடிப் படித்தவற்றையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

உடம்பின் கழிவே மூப்புக்குக் காரணம் என்னும் எண்ணம் புதியதன்று. பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய மெச்னிகாஃப் என்னும் அறிஞர், இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை விழுங்கி அழிப்பதைக் கண்டறிந்தவர். நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆராய்ச்சிக்காக 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அத்தகைய பேரறிஞரே, பெருங்குடலில் கழிவு அழுகி நஞ்சாகிறது என்றும், அந்நஞ்சு இரத்தத்திற் கலப்பதனாலேயே முதுமை விரைந்து வருகிறது என்றும் கருதினார். அதனைத் தடுக்கப் புளித்த பாலை நாள்தோறும் அருந்தி வந்தார். அவர் 1916இல், தம் 71ஆம் வயதில் காலமானார். லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்னும் அறுவை மருத்துவரோ இன்னும் ஒருபடி மேலே சென்று, மலச்சிக்கலால் வருந்தியோரின் பெருங்குடலையே வெட்டி நீக்கினார். அவ்வறுவையில் உயிரிழந்தோரும் உண்டு.

இக்கொள்கையை அசைத்தது ஓர் எளிய சோதனை. மலச்சிக்கலால் வரும் தலைவலியும் சோர்வும் குடல் நஞ்சின் விளைவு என்பதே அக்காலத்து நம்பிக்கை. 1922இல் டொனால்ட்சன் என்பவர் சில ஆடவரைச் சில நாட்கள் மலங்கழிக்காமல் இருக்கச் செய்தார். அவர்களுக்குத் தலைவலியும் சோர்வும் தோன்றின. குடலைக் காலி செய்தவுடன் அவை நீங்கின. இரத்தத்தில் நஞ்சு கலந்திருந்தால் அது நொடிப்பொழுதில் மறையுமா? பின்னர் அவர் மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்துப் பார்த்தார். அதே துன்பங்கள் மீண்டும் தோன்றின. பஞ்சில் நஞ்சு ஏது? குடல் விரிந்து அழுந்துவதே காரணம் என்பது இதனால் புலனாயிற்று.

அப்படியானால் உடம்பில் கழிவு உண்டாவதில்லையா? உண்டாகிறது. அதனை அகற்றும் பணியாளர் நம் உள்ளேயே இருக்கின்றனர். புரதம் சிதைவதால் தோன்றும் அம்மோனியா என்னும் நச்சுப் பொருளைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டி, வேண்டியவற்றை மீட்டுக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவ்வுறுப்புகள் பழுதுற்றால் பழச்சாறு அவற்றின் வேலையைச் செய்யாது. ஈயம், பாதரசம் போன்ற மெய்யான நஞ்சுகள் உடம்பிற் சேர்வதும் உண்டு. அப்போது மருத்துவர் இரத்தத்தில் அதன் அளவைக் கண்டு, அதற்குரிய மருந்தைக் கொடுத்து, மீண்டும் அளந்து பார்ப்பார். நஞ்சுக்குப் பெயர் உண்டு, அளவு உண்டு, சோதனை உண்டு. விற்பனைக்கு வரும் நச்சுநீக்கப் பொருள்களுக்கு இவை உண்டா? 2009இல் பிரிட்டனில் இளம் விஞ்ஞானிகள் சிலர் அத்தகைய 15 பொருள்களைப் பற்றி வினவினர். நச்சுநீக்கம் என்பதற்குத் தயாரிப்பாளர் இருவர்கூட ஒரே விளக்கம் தரவில்லை.

'எடை குறைந்ததே!' என்று நீங்கள் கேட்கலாம். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்து சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். உணவு குறைந்தால் இவ்விரண்டும் முதலில் செலவாகின்றன. பழையபடி உண்டவுடன் அவை திரும்பிவிடும். குறைந்தது பெரும்பாலும் நீரே.

உணவைக் குறைப்பதால் மூப்பு தாழ்வது அறவே பொய்யும் அன்று. 1935இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மக்கே என்பவரும் அவருடைய துணைவரும், உணவின் அளவைக் குறைத்தும் வைட்டமினும் தாது உப்பும் குறையாமலும் வளர்த்த வெள்ளெலிகள் நீண்டு வாழ்ந்ததைக் காட்டினர். மனிதரிடத்தும் அமெரிக்காவில் இரண்டாண்டுச் சோதனை ஒன்று நடந்தது. உடற்பருமன் இல்லாதவர்கள் மருத்துவக் கண்காணிப்பில், சத்துக் குறையாமல், சராசரியாக 12 விழுக்காடு உணவாற்றலைக் குறைத்துக்கொண்டனர். 2023இல் வெளியான ஆராய்ச்சியின்படி, மூப்பின் வேகம் ஓர் அளவுகோலில் 2 முதல் 3 விழுக்காடு தாழ்ந்தது. வேறு இரண்டு அளவுகோல்களில் மாற்றம் காணப்படவில்லை. எலும்பின் அடர்த்தியும் சற்றே குறைந்தது. இரண்டாண்டுக் கட்டுப்பாட்டின் பயனே இவ்வளவு சிறிது என்றால், ஏழு நாட் சாற்றினால் இளமை திரும்பும் என்பதை எவ்வாறு ஏற்பது?

தீங்கோ சிறிதன்று. நீரிழிவுக்கு மருந்துண்போர் உணவை விலக்கினால் இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். பசலை போன்ற கீரைகளின் சாற்றை மிகுதியாக அருந்தி, அவற்றிலுள்ள ஆக்ஸலேட் படிந்து சிறுநீரகம் பழுதுற்றவர்களும் உளர். பேதி மருந்தை ஓயாது உட்கொண்டால் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறும். புரதமின்றி இருந்தால் தசை கரையும். என் போன்ற முதியோர்க்குத் தசையே ஊன்றுகோல். அதனைக் கரைப்பது மூப்பை அழைப்பதற்கு ஒப்பாகும். உங்கள் வயதிலோ எலும்பு உறுதி பெறும் காலம். இப்போது இழப்பதைப் பின்னர் ஈடுசெய்வது கடினம்.

சமய நோன்பை நான் இங்குக் குறை கூறவில்லை. அதன் நோக்கம் வேறு. புகையும் மதுவும் விலக்குதல், நாள்தோறும் நடத்தல், பருப்பும் தானியமும் காய்கறியும் அளவோடு உண்ணுதல், நன்கு உறங்குதல் ஆகியவை முதுமையை நலமாக்கும் வழிகள். இவற்றில் புதுமை இல்லை. ஆதலால் விளம்பரமும் இல்லை.

இனி எவரேனும் உடம்பின் நஞ்சை நீக்கித் தருவதாகக் கூறினால், மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்வியை அவரிடம் கேளுங்கள்: 'எந்த நஞ்சு? முன்பு எவ்வளவு இருந்தது? இப்போது எவ்வளவு இருக்கிறது?' விடை வரும்வரை உணவை விலக்க வேண்டாம். நான் கிணற்றடியில் விழுந்து கற்ற பாடத்தை நீங்கள் விழாமலே கற்றுக்கொள்ளலாம்.