தறி வீடும் பெண் குழந்தையின் பூப்பும்

பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளுக்கான அடித்தளம் அவள் பிறப்பதற்கு வெகு முன்பே போடப்பட்டுவிடுகிறது. ஐந்து மாதக் கருவின் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டை அணுக்கள் இருக்கும். அதுதான் உச்சம். பிறக்கும்போது அவை 10 முதல் 20 லட்சமாகவும், வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சமாகவும் குறைந்துவிடும். கருப்பையும் சினைக்குழாய்களும் உருவெடுப்பது கர்ப்பத்தின் முதல் பாதியில். பிறந்த பிறகு சில மாதங்கள் மூளை பாலியல் ஹார்மோன்களைத் தூண்டிவிட்டு ஓயும். எட்டு, ஒன்பது வயதில்தான் மறுபடி விழிக்கும். கருவாக இருக்கும்போதும், கைக்குழந்தையாக இருக்கும்போதும், பூப்புக்கு முந்தைய ஆண்டுகளிலும் உடலுக்குள் வரும் சில ரசாயனங்கள் பெரியவர்களிடம் செய்யாத மாற்றத்தைக் குழந்தையிடம் செய்யக்கூடும்.

மருத்துவ உலகம் இதைக் கற்றுக்கொண்டது ஒரு மருந்தால். லண்டனில் சார்லஸ் டாட்ஸ் 1938-ல் உருவாக்கிய டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன், கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் அமெரிக்கக் கர்ப்பிணிகளுக்கு முப்பது ஆண்டுகள் தரப்பட்டது. தாய்மாரிடம் உடனடிக் கேடு எதுவும் தெரியவில்லை. வயிற்றிலிருந்த பெண் குழந்தைகள் வளர்ந்தபோது சிலருக்குப் பிறப்புவழியில் அரியவகைப் புற்றுநோய் வந்தது. 1971-ல் பாஸ்டன் மருத்துவர்கள் இரண்டையும் தொடர்புபடுத்தினார்கள். ஆங்கில ‘T’ எழுத்து வடிவில் சுருங்கிய கருப்பையும் கருத்தரிப்புச் சிக்கல்களும் பின்னால் தெரியவந்தன. பிஸ்பினால் ஏ என்ற பொருளும் ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்கிறது என்று இதே டாட்ஸ் 1936-லேயே காட்டியிருந்தார். அது தெரிந்தும், பின்னாளில் அதைக் கொண்டு பால்புட்டி செய்தார்கள்.

மருந்து அளவாகத் தரப்படுவது. வீட்டுப் புழக்கத்தில் உள்ள ரசாயனம் சிறுகச் சிறுகச் சேர்வது. காஞ்சிபுரத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடுதான் தொழிற்கூடம். குழித்தறிக்கு அருகில் சமையல் நடக்கும், குழந்தையின் தூளி தொங்கும். சாயம் தோய்த்த பாவும் ஊடையும் அந்த அறைக்குள்ளேயே புழங்கும். கோயில் ஊர் என்பதால் ஊதுவத்தியும் சாம்பிராணியும் குங்குமமும், இரவானால் கொசுவத்திச் சுருளும் எல்லா வீட்டிலும் உண்டு.

இவற்றில் முதலில் கவனிக்க வேண்டியது தாலேட் என்ற ரசாயனக் குடும்பம். வாசனையைக் கரைத்து நிலைநிறுத்த டைஎத்தில் தாலேட் பயன்படுகிறது. இந்திய ஊதுவத்தித் தொழிலிலும் அது நெடுங்காலப் புழக்கத்தில் இருக்கிறது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களைக் கருவிலிருந்தே தொடர்ந்து கவனித்த பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு, 338 குழந்தைகளின் பூப்புப் பருவம் பற்றிய முடிவுகளை 2018-ல் வெளியிட்டது. கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரில் இந்தத் தாலேட்டின் சிதைபொருளும், சோப்பிலும் பற்பசையிலும் கிருமிநாசினியாகச் சேர்க்கப்பட்ட ட்ரைக்ளோசானும் கூடுதலாக இருந்தால், மகள்களிடம் பூப்பின் அடையாளங்கள் சற்று முன்னதாகவே தென்பட்டன. தாயின் அளவு இரட்டிப்பானால் மகளிடம் ஏற்பட்ட வேறுபாடு ஒரு மாதத்தை ஒட்டியதுதான். ஊதுவத்திப் புகையை அந்த ஆய்வு தனியே அளக்கவில்லை. அங்கே பேசப்பட்டது சோப்பும் அழகுப் பொருள்களும். ட்ரைக்ளோசானும் பாரபென் என்ற பதனப் பொருள்களும் காவிரியிலும் வெள்ளாற்றிலும் தாமிரபரணியிலும் கலந்திருப்பதை 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. அவை தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ளும் எப்போதோ வந்துவிட்டன.

ஒன்பது வயதில் மஞ்சள் நீராட்டு நடந்தால் ரசாயனத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. உடல் எடை கூடுவதும் பூப்பை முன்னுக்குத் தள்ளும். தாய் வயதுக்கு வந்த காலமும் மகளிடம் திரும்பும். எட்டு வயதுக்குள் மார்பு வளரத் தொடங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காரீயம் எதிர்த் திசையில் வேலை செய்கிறது. அமெரிக்க தேசியக் கணக்கெடுப்பை வைத்து 2003-ல் வெளியான ஆய்வுகளில், ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராம் அளவே காரீயம் இருந்த சிறுமிகளிடமும் பூப்பு தாமதப்பட்டிருந்தது. பழைய சுவர்ப் பெயின்ட், கலப்படக் குங்குமம், கண்மை ஆகியவை வழியாக அது வீட்டுக்குள் வருகிறது.

சாயங்களோடு தொடர்புள்ள குரோமியத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஆய்வு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாக ஆய்வாளர்களும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தாரும் 2008-ல் வெளியிட்ட முடிவு இது: பாலூட்டும் எலிகளின் குடிநீரில் ஆறிணைதிறன் குரோமியம் கலந்தபோது பெண் குட்டிகளின் சினைப்பை வளர்ச்சி குன்றி, பூப்பு தள்ளிப்போனது, வைட்டமின் சி தந்தபோது பாதிப்பு தணிந்தது. குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், எலிகள் குடித்தது அதைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். பட்டுக்குப் பயன்படும் சில உலோகக் கலப்புச் சாயங்களில் உள்ளது நச்சு குறைந்த மூவிணைதிறன் வடிவம். கொடிய வடிவம் கிடப்பது காஞ்சிக்கு மேற்கே, அதே பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டையில்: மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு.

அரசின் விதிகள் துண்டு துண்டாக வந்தன. புற்றுநோய் அச்சத்தால் 112 சாயங்கள் 1990-களில் தடை செய்யப்பட்டன. பிஸ்பினால் ஏ உள்ள பால்புட்டிகளை 2015-ம் ஆண்டுத் தர விதி விலக்கியது. வீட்டுப் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற வரம்பு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தறி வீடு இந்த விதிகளுக்கு இடையில் விழுந்துவிடுகிறது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்விசை இல்லாத இடத்தில் 20 பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலையாகக் கருதியது; தாயும் தந்தையும் நெய்யும் அறை அந்தக் கணக்கில் வரவில்லை.

தாலேட்டும் பாரபெனும் உடலில் தங்குவதில்லை. ஓரிரு நாளில் சிறுநீரில் வெளியேறிவிடும். அதனால் வரும் வழியை அடைத்தால் பலன் உடனே தெரியும். கலிபோர்னியாவில் 100 பதின்வயதுப் பெண்கள் மூன்றே நாள் வேறு அழகுப் பொருள்களுக்கு மாறியபோது, டைஎத்தில் தாலேட்டின் சிதைபொருள் 27 சதவீதம் குறைந்தது. சாயப் பாத்திரத்தைச் சமையலறையில் சேர்க்காமல் இருப்பதும், தறி அறையை ஈரத்துணியால் துடைப்பதும், புகையும் அறையில் கைக்குழந்தையைக் கிடத்தாமல் இருப்பதும் அந்த வகையில் பயன் தரும்.

காரீயத்திடம் இது பலிக்காது. அது எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்தில் கால்சியத்தோடு சேர்ந்து கரைந்து கருவைச் சென்றடையும். மெக்சிகோ நகரில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்ததில், ரத்தக் காரீயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்திருந்தது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு; மீதத்தை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குத் தரும் கால்சியம் மாத்திரைகள் ஈடுசெய்யும்.