ஸ்டிக்கருக்கு அடியில் மூன்றே கம்பெனி

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் அருகே காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பிற்பாடு திட்டம் நின்றுபோவதற்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் லேப்டாப் வாங்கிவிட்டார்கள். சிதம்பரத்தை அடுத்த கிள்ளை மாதிரியான கடலோரப் பேரூராட்சிகளில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் 2 ஜிபி ரேம், பின்னால் வந்தவற்றில் 4 ஜிபி. அக்கா பிளஸ் டூவில் வாங்கிய மெஷினில் தம்பி காலேஜ் புராஜெக்ட் செய்கிற வீடுகள் இன்னும் உண்டு. பிரவுசரில் நாலு பக்கம் திறந்தாலே மூச்சு வாங்கும்.

ரேம் மாற்றலாம் என்று முடிவு செய்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எந்த பிராண்ட் நல்லது என்பதுதான். கிங்ஸ்டனா, குரூஷியலா, ஏடேட்டாவா? சிதம்பரத்துக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டால் கடைக்காரர் அன்றைக்குக் கையிருப்பில் உள்ள பெயரைச் சொல்வார். அவர்மேல் குற்றமில்லை. உலகத்தில் விற்கும் டிராம் எனும் ரேம் சிப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மூன்றே கம்பெனிகளுடையவை: தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். மூன்று வயலில் விளைந்த நெல்லை முப்பது பெயரில் மூட்டை கட்டி விற்பதுபோலத்தான் ரேம் வியாபாரம். 1987இல் ஜான் டூ, டேவிட் சன் என்ற இருவர் கலிபோர்னியாவில் தொடங்கிய கிங்ஸ்டன் இன்றுவரை சொந்தமாக டிராம் சிப் தயாரித்ததில்லை. சிப்பை வாங்கி, பலகையில் பதித்து, சோதித்து, தன் பெயரில் விற்கிறது. போன வருடம் வாங்கிய கிங்ஸ்டனில் ஹைனிக்ஸ் சிப்பும், அதே மாடலில் இந்த வருடம் வாங்கியதில் மைக்ரான் சிப்பும் இருக்கலாம்.

முன்பு சிப் தயாரிக்கும் களத்தில் இன்னும் பலர் இருந்தார்கள். ஜெர்மனியின் கிமோண்டா 2009இல் திவாலானது. ஜப்பானின் எல்பிடா 2012இல் திவால் மனு போட, மறு வருடமே மைக்ரான் அதை வாங்கிக்கொண்டது.

ரேம் பிராண்டுகளில் குரூஷியல் மட்டும் தனி ரகம். மைக்ரானே தன் சிப்பைப் பொதுமக்களுக்கு விற்க வைத்திருந்த பெயர் அது. அந்தத் தொழிலிலிருந்து விலகுவதாக 2025 டிசம்பர் 3 அன்று மைக்ரான் அறிவித்தது. பிப்ரவரி 2026 வரைதான் சரக்கு, ஏற்கெனவே விற்றவற்றுக்கு வாரண்டி தொடரும் என்றது. காரணம், ஏஐ டேட்டா சென்டர்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஓப்பன்ஏஐ தன் பிரம்மாண்ட டேட்டா சென்டர் திட்டத்துக்காக சாம்சங், ஹைனிக்ஸ் இரண்டோடும் சியோலில் விருப்பக் கடிதம் போட்டிருந்தது. மொத்தமாக வாங்குகிறவர் நல்ல விலை கொடுக்கும்போது சில்லறைக்கு விற்பானேன்? 2025இன் கடைசி மாதங்களில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது இப்படித்தான்.

விலை இப்படி இருக்கும்போது தப்பான ரேமை வாங்கி வருவது பெரிய நஷ்டம். அந்தத் தப்பு பெரும்பாலும் பிராண்டில் நடப்பதில்லை. ரேமின் ரகத்தில்தான் நடக்கிறது. அதைத் தவிர்க்க லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற ரேமின் ஸ்டிக்கரைப் படித்தால் போதும். விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பச்சைப் பலகையில் ‘பிசி3எல்-12800எஸ்’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். பிசி3 என்றால் டிடிஆர்3, பிசி4 என்றால் டிடிஆர்4. கடைசி எஸ், லேப்டாப்புக்கான சிறிய வடிவம் என்பதைக் குறிக்கும். நடுவில் நிற்கும் எல் என்ற ஒற்றை எழுத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. டிடிஆர்3இல் எல் இருந்தால் 1.35 வோல்ட், இல்லாவிட்டால் 1.5 வோல்ட். எல் போட்ட ரேம் பழைய 1.5 வோல்ட் மெஷினிலும் ஓடிவிடும். 1.35 மட்டுமே தரும் மெஷினில் எல் இல்லாததைச் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும். டிடிஆர்3 பலகையும் டிடிஆர்4 பலகையும் வெட்டுக்குழி மாறி இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. அழுத்தினால் ஸ்லாட் உடையும். வேகம் கூடுதலாக எழுதியிருந்தால் கெடுதல் இல்லை, 3200 ரேம் 2400 மெஷினில் 2400ஆகத்தான் ஓடும், அந்தக் கூடுதலுக்குக் கொடுத்த காசு மட்டும் வீண். மெலிதான புது மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். அங்கே பிராண்ட் விவாதத்துக்கே வேலையில்லை.

இன்னொன்று, ஹார்ட் டிஸ்க்கோடு ஓடும் பழைய லேப்டாப்பில் ஒரு எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கிற வேகம் ரேம் கூட்டிக் கிடைப்பதில்லை. கையில் ஒன்றுக்குத்தான் காசு, மெஷினில் 4 ஜிபி ஏற்கெனவே இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி முதலில்.

அப்படியானால் பெயருக்கு மதிப்பே இல்லையா? உண்டு, ஆனால் அது வாரண்டியில் இருக்கிறது. பெயருள்ள கம்பெனிகள் பல ரேமுக்கு ஆயுள்கால வாரண்டி தருகின்றன. பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கினால்தான் அது உதவும். விலை ஏறிய காலத்தில் பழைய மெஷினில் கழற்றிய ரேமுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் வேலையும் நடக்கும் என்பதால், ஸ்டிக்கரைவிட சிப்பைப் பார்ப்பது நல்லது. சாம்சங் சிப்பில் எஸ்இசி என்று பொறித்திருக்கும், ஹைனிக்ஸில் பெயரே இருக்கும். பெயரை உரசி அழித்த சிப் என்றால் வாங்காமல் திரும்பிவிடலாம். போட்ட அன்றிரவே மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓடவிட்டால் பழுது உண்டா என்று காலையில் தெரிந்துவிடும். ஒரு பிழை காட்டினாலும் உடனே திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

உப்புக்காற்று வீசும் ஊர்களில் புது ரேம் வாங்கும் முன்பே செய்து பார்க்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. லேப்டாப் திடீரென்று உயிர் வராமல் போனால், பேட்டரியைப் பிரித்துவிட்டு ரேமைக் கழற்றி, உப்புக்காற்றில் கறை படியும் அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி செருகுவார்கள் சர்வீஸ்காரர்கள். செத்ததாக நினைத்த ரேம் பலமுறை பிழைத்துக்கொள்ளும். மாற்றியே ஆக வேண்டும் என்றாலும், கழற்றிய பழைய துண்டைக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். புதியது பழுதாகி வாரண்டிக்குப் போனால், அது திரும்பி வரும்வரை மெஷினை ஓட்ட அந்த 2 ஜிபிதான் ஆகும்.